காசுக்குக் காலம் கண்ட பெரியார் – ஜேம்ஸ் பிரின்செப்

கல்கத்தா மாநகரில் ஹுக்ளி நதிக்கரையோரமாகக் கிரேக்கப் பாணியிலான தூண்களுடன் ஒரு வெண்மண்டபம் நிற்கின்றது. மாலை வேளையில் காற்று வாங்கச் செல்லும் நம்மவர் அதன் படிகளில் அமர்ந்து ஊர்க்கதை பேசுவதுண்டு. அதனருகே செல்லும் வட்ட ரயில் பாதையில் அதன் பெயராலேயே ஒரு நிலையமும் உண்டு. பிரின்செப் படித்துறை என்னும் அப்பெயரை நாம் எத்தனையோ முறை உச்சரித்திருக்கின்றோம். எனினும் அந்தப் பிரின்செப் யார் என்று நம் பிள்ளைகள் கேட்டால், யாரோ ஒரு வெள்ளைக்கார கவர்னர் என்று சொல்லிக் கடந்து விடுகின்றோம். அவர் கவர்னரும் அல்லர். போரில் வென்ற தளபதியும் அல்லர். வெள்ளியை உருக்கி மாற்றுப் பார்க்கும் ஓர் அக்கசாலை அதிகாரி. பாரத நாட்டின் பழைய காசுகளுக்குக் காலம் வகுத்துத் தந்தவர். அவருடைய வாழ்க்கையை நம் சங்கத்தின் இவ்வாண்டு மலரில் சுருக்கமாகச் சொல்ல விழைகின்றோம்.

காலம் வகுத்தல் என்பது அவ்வளவு அரிய செயலா என்று சிலர் ஐயுறலாம். நம் கையிலுள்ள ஒரு ரூபாய்க் காசைத் திருப்பினால் அது அடிக்கப்பட்ட ஆண்டு தெளிவாகத் தெரிகின்றது. பண்டைக் காசுகளோ பெரும்பாலும் அவ்வாறில்லை. ஓர் உருவம், ஒரு சின்னம், தேய்ந்து போன சில எழுத்துக்கள், அவ்வளவே. அவ்வெழுத்துக்களைப் படிக்க வல்லார் ஒருவரும் இல்லையெனில், ஆயிரம் ஆண்டு மூத்த காசும் இளைய காசும் ஒரே பையில் ஒன்றோடொன்று உராய்ந்து கிடக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டுப் பழங்காசுகளின் நிலை இதுவே.

ஜேம்ஸ் பிரின்செப் 1799ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தையார் ஜான் பிரின்செப் 1771இல் வெறுங்கையுடன் வங்கம் வந்து, அவுரி வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்டித் தாயகம் திரும்பியவர். வங்கத்தில் கம்பெனிக்காகச் செப்புக்காசு அடித்துக் கொடுக்கும் ஒப்பந்தத்தையும் அவர் எடுத்திருந்தார். எனவே காசு என்பது அக்குடும்பத்திற்குப் புதிய பொருளன்று.

இளமையில் ஜேம்ஸ் கற்க விரும்பியது கட்டடக் கலை. அக்காலத்தில் பெயர்பெற்ற பூஜின் என்பாரிடம் அவர் பயின்று வந்தார். நுண்ணிய கோடுகளை இடைவிடாது வரைந்ததாலும் நோயாலும் அவருடைய கண்கள் கெட்டன. அத்தொழிலைக் கைவிட நேர்ந்தது. இந்தியாவில் மாற்றுப் பரிசோதகர் பணிக்கு இடமுண்டு என்று தந்தையார் அறிந்து, மகனை இரசாயனம் கற்கச் செய்து, லண்டன் அரச நாணயசாலையின் மாற்று அதிகாரியிடம் பயிற்சிக்கு அமர்த்தினார். கண் பழுதுற்றதால் ஒரு தொழிலை இழந்த அவ்விளைஞரே பிற்காலத்தில் எவர் கண்ணுக்கும் புலப்படாத எழுத்துக்களைக் காசின் விளிம்பிலே கண்டறிந்தார். விதியின் விளையாட்டு இத்தகையது.

1819ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் கல்கத்தாவில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது 20. கல்கத்தா நாணயசாலையின் மாற்று அதிகாரியாக அந்நாளில் விளங்கியவர், வடமொழி வல்லுநரான ஹொரேஸ் ஹேமன் வில்சன். ஓராண்டுக்குள் அவர் பிரின்செப்பைக் காசி நாணயசாலைக்கு அனுப்பினார். 1830இல் அச்சாலை மூடப்படும் வரை காசியே அவருக்கு ஊராயிற்று.

காசியில் அவர் செய்த பணிகள் பல. நகரத்தின் வரைபடத்தைத் தயாரித்தார். தேங்கிக் கிடந்த நீரை வடிக்கச் சுரங்க வாய்க்கால் அமைத்தார். சரியும் நிலையிலிருந்த ஔரங்கசீப் மசூதியின் கோபுரங்களைச் சீர்ப்படுத்தினார். கர்மநாசா நதியின் மேல் வளைவுப் பாலம் ஒன்றைக் கட்ட வழிவகுத்தார். கங்கைக்கரைக் காட்சிகளைத் தம் கையாலேயே ஓவியமாகத் தீட்டினார். இத்தனையும் அலுவலுக்குப் புறம்பான பணிகள். அவருடைய அலுவலோ காய்ச்சுலையின் முன்னே வெள்ளியின் தரம் காண்பது.

அந்நாளில் நாட்டில் புழங்கிய நாணயங்களின் குழப்பத்தை இங்கே சிறிது விளக்குதல் வேண்டும். ஊருக்கு ஒரு ரூபாய். சாலைக்கு ஓர் எடை. வங்கத்தில் சிக்கா ரூபாய் என்றும், காசியில் வேறொன்றும், தென்னாட்டில் ஆர்க்காட்டு ரூபாய், வரகன் என்றும் பற்பல வகைகள் வழங்கின. புதிதாக அடித்த ரூபாய்க்கு முழு மதிப்பு உண்டு. ஆண்டு ஒன்று கழிந்தால், வெள்ளி சிறிதும் தேயாவிடினும், பழைய ஆண்டுக்காசு என்று சொல்லிச் சராப்புக்காரர் வட்டம் பிடித்துக்கொள்வர். காசில் பொறித்த ஆண்டே அதை வைத்திருப்பவனுக்கு நட்டமாய் முடிந்தது. இவ்வட்டத்தை ஒழிக்கக் கம்பெனியார் ஒரு தந்திரம் செய்தனர். ஷா ஆலம் பாதுஷாவின் 19ஆம் ஆட்சியாண்டு என்னும் குறிப்பையே எல்லாச் சிக்கா ரூபாய்களிலும் நிலையாகப் பொறித்தனர். 1806இல் அப்பாதுஷா காலமான பின்னரும், அவர் பெயரும் அதே 19ஆம் ஆண்டும் தாங்கிய காசுகள் பல்லாண்டுகள் வெளிவந்தன. ஆக, ஆண்டு பொறித்த காசும் ஆண்டைப் பற்றிப் பொய் சொல்லக்கூடும். இதை அக்கசாலையின் உள்ளிருந்தே அறிந்தவர் பிரின்செப். பிற்காலத்தில் பழங்காசுகளின் காலத்தை ஆராயும்போது ஒரே சான்றை நம்பிவிடாத எச்சரிக்கை அவரிடம் காணப்பட்டதற்கு இவ்வனுபவமும் ஒரு காரணமாகலாம்.

தொழிலிலும் அவர் துல்லியம் நாடியவர். ஒரு கிரெயின் எடையில் மூவாயிரத்தில் ஒரு பங்கையும் காட்ட வல்ல தராசு ஒன்றை அமைத்தார். உலையின் கடும் வெப்பத்தை அளப்பதற்குப் பொன், வெள்ளி, பிளாட்டினம் ஆகியவற்றை வெவ்வேறு அளவிற் கலந்த துண்டுகளை உலையில் வைத்து, எத்துண்டு உருகிற்று, எது உருகவில்லை என்று கண்டு கணக்கிட்டார். அவ்வாராய்ச்சி 1828இல் லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. அச்சங்கத்தின் உறுப்பினர் என்னும் பெருமையும் அவரை வந்தடைந்தது.

காசி நாணயசாலை மூடப்பட்டதும் அவர் கல்கத்தா திரும்பினார். 1832இல் வில்சன் ஆக்ஸ்போர்டில் வடமொழிப் பேராசிரியராகச் செல்லவே, மாற்று அதிகாரிப் பதவியும், வங்க ஆசியச் சங்கத்தின் செயலாளர் பதவியும் பிரின்செப்பை அடைந்தன. சங்கத்தின் மாத இதழும் அவ்வாண்டிலேயே அவரை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிற்று. பகலெல்லாம் உலைக்கூடம், காலையும் இரவும் காசும் கல்வெட்டுமாக அவர் நாட்கள் கழிந்தன.

அவ்விதழைக் கண்ட பலரும் தமக்குக் கிடைத்த காசுகளை அவருக்கு அனுப்பலாயினர். பஞ்சாபில் ரஞ்சித் சிங்கின் படையில் பணிபுரிந்த தளபதி வென்டுரா மாணிக்யாலா ஸ்தூபத்தைத் தோண்டிக் கண்டவற்றை அனுப்பினார். கம்பெனிப் படையை விட்டு ஓடி, பெயரை மாற்றிக்கொண்டு ஆப்கன் நாட்டிலே திரிந்த சார்ல்ஸ் மாசன் என்பார் காபூலை அடுத்த வெளிகளில் பல்லாயிரம் காசுகளைத் திரட்டி, அவற்றைப் பற்றி எழுதியனுப்பினார். இளம் பொறியாளர் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் அருகிருந்து கற்றார். வந்த காசுகளைப் பிரின்செப் தம் கையாலேயே வரைந்து, தகட்டில் செதுக்கி, இதழில் வெளியிட்டார். நாணயசாலைக்குப் பழங்காசு வருவது உருக்கப்படுவதற்கே. உருக்கும் தொழிலை மேற்கொண்டவரே அவற்றைக் காக்கும் தொழிலையும் மேற்கொண்டார்.

இனி, அவர் காலம் வகுத்த முறையைக் காண்போம்.

முதலாவதாக, காசு எவ்விதம் செய்யப்பட்டது என்று நோக்கினார். வெள்ளித் தகட்டைத் துண்டித்து, சூரியன், மரம், மலை, விலங்கு முதலான சின்னங்களைத் தனித்தனி முளையால் குத்திய காசுகள் ஒரு வகை. அச்சுக்கிடையே வைத்துச் சம்மட்டியால் அடித்தவை மற்றொரு வகை. உருக்கி வார்ப்பில் ஊற்றியவை வேறொரு வகை. எழுத்தே இல்லாத காசையும் அதன் செய்முறை கொண்டு இனம் பிரிக்கலாம் என்பதை இவ்வகுப்பு காட்டிற்று. தொழிலாளியின் கையை அறிந்தவருக்கே இப்பார்வை கைகூடும். முளை குத்திய காசுகளே நம் நாட்டில் மிகத் தொன்மையானவை என்பதும், அலெக்சாண்டர் படையெடுப்புக்கு முன்பே அவை வழங்கின என்பதும் பின்வந்த ஆராய்ச்சியால் உறுதிப்பட்டன.

இரண்டாவதாக, இருமொழிக் காசுகளை எடுத்துக்கொண்டார். பாக்டிரியா நாட்டிலிருந்து வந்து வடமேற்கே ஆண்ட யவன மன்னர்கள் தம் காசின் ஒரு புறத்தில் கிரேக்க எழுத்தும், மறுபுறத்தில் வலமிருந்து இடமாகச் செல்லும் அறியாத ஓர் எழுத்தும் பொறித்தனர். பௌத்த நூலில் மிலிந்தன் என வழங்கும் மெனாந்தர் அவர்களுள் ஒருவன். இருபுறமும் ஒரே பெயரும் ஒரே விருதுமே இருத்தல் வேண்டும் என்னும் குறிப்பை முதலில் தந்தவர் மாசன். அதைப் பற்றிக்கொண்ட பிரின்செப், கிரேக்கத்தில் அரசன் என்றிருக்குமிடத்தில் மறுபுறம் மகாராஜன் என்னும் சொல் நிற்பதைக் கண்டு, அம்மொழி பிராகிருதமே என்று தெளிந்தார். இன்று கரோஷ்டி என வழங்கும் அவ்வெழுத்தின் பூட்டு இவ்வாறே திறக்கலாயிற்று. ஏனைய அறிஞர்களும் கைகொடுக்க, அப்பணி பின்னர் நிறைவுற்றது.

மூன்றாவதாக, உருவத்தின் வழிவழி மாற்றத்தை ஆராய்ந்தார். குஷாண மன்னரின் பொற்காசுகளில் அரியணையில் அமர்ந்த ஒரு தேவியின் வடிவம் உண்டு. அத்தேவி ஈரானிய மரபைச் சேர்ந்தவள். குப்த மன்னரின் பொற்காசுகளிலும் ஏறக்குறைய அவ்வடிவமே காணப்படுகின்றது. சிறிது சிறிதாக ஆடையும் ஆசனமும் மாறித் தாமரை மேல் வீற்றிருக்கும் இலக்குமியாக அவள் வடிவெடுக்கின்றாள். மூலமும் படியும் அருகருகே இருப்பின் எது முந்தியது என்பது விளங்கும். எனவே குஷாணர் முன்னர், குப்தர் பின்னர் என்னும் வரிசை, ஆண்டுக் குறிப்பின் துணையின்றியே காசின் முகத்திலிருந்து கிடைத்தது.

நான்காவதாக, சௌராட்டிர நாட்டுச் சிறு வெள்ளிக்காசுகள். அவற்றை வெளியிட்டவர்கள் க்ஷத்ரபர் என்னும் மரபினர். விரல் நுனியளவே உள்ள அக்காசுகளின் விளிம்பில், இன்ன மன்னனின் மகன் இன்ன மன்னன் என்று எழுதியிருந்தது. தந்தை பெயரும் மகன் பெயரும் சேர்ந்து வருவதால், ஒரு காசில் மகனாக நிற்பவன் மற்றொரு காசில் தந்தையாக நிற்பான். ரயில் வண்டியில் ஒரு பெட்டியின் கொக்கியை அடுத்த பெட்டியோடு மாட்டிக்கொண்டே செல்வதுபோல், காசோடு காசைக் கோத்து ஓர் அரச மரபையே அவர் தொடராக்கினார். மன்னன் தலைக்குப் பின்னால் இருந்த சிறு கீறல்கள் வெறும் அலங்காரமல்ல, ஆண்டைக் குறிக்கும் எண்கள் என்பதையும் 1838இல் எடுத்துக் காட்டினார். அவ்வாண்டுகள் சக ஆண்டுகள் என்று பின்வந்தோர் முடிவு கண்டனர். பொய்யான ஆண்டு பொறித்த சிக்கா ரூபாயோடு பழகியவருக்கு, மெய்யான ஆண்டு பொறித்த காசு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் அப்பாலிருந்து கைக்கு வந்து சேர்ந்தது.

அனைத்திற்கும் சிகரமாக அமைந்தது 1837ஆம் ஆண்டு. சாஞ்சி ஸ்தூபத்தின் வேலித் தூண்களில் இருந்த சிறு சிறு வாசகங்களின் படிகள் அவருக்கு வந்தன. ஒவ்வொன்றும் ஒரே ஈரெழுத்தில் முடிவதை அவர் கண்டார். நம் ஊர்க் கோயில்களில் விளக்கிலும் படிக்கட்டிலும் இன்னார் உபயம் என்று எழுதுகின்றோம் அல்லவா? அதுபோல் இவையும் அடியார்கள் அளித்த கொடையைக் குறிப்பனவாய் இருத்தல் வேண்டும். எனவே இறுதிச்சொல் தானம் என்பதே என்று அவர் உய்த்துணர்ந்தார். அதிலிருந்து எழுத்தெழுத்தாகப் பிராமி லிபி முழுவதும் விளங்கலாயிற்று. டில்லித் தூணும், பிற தூண்களும், பாறைகளும் பேசலாயின. வடமொழிப் பண்டிதர் கமலாகாந்த வித்யாலங்காரர் இப்பணியில் அவருக்குத் துணை நின்றதை நாம் மறத்தலாகாது.

இங்கே அவருடைய நேர்மைக்கு ஒரு சான்று. தூண்களில் கண்ட பியதசி என்னும் பெயர் இலங்கை மன்னனுடையது என்றே முதலில் அவர் கருதினார். இலங்கையில் பாலி நூல்களை ஆராய்ந்த ஜார்ஜ் டர்னர், அப்பெயர் மோரியர் குலத்து அசோகனுடையதே என்று நூற்சான்றோடு தெரிவித்தார். பிரின்செப் தம் கருத்தை உடனே திருத்திக்கொண்டார். அடுத்த ஆண்டிலேயே கிர்நார்ப் பாறையில் அந்தியோகன் முதலான யவன மன்னர் பெயர்களை அவர் படித்தார். அவர்களுடைய காலம் கிரேக்க வரலாற்றால் தெரிந்தது. எனவே அசோகன் கி.மு. 3ஆம் நூற்றாண்டினன் என்பது ஐயமற நிலைபெற்றது. காலம் என்னும் கடலில் மிதந்த நம் பழைய வரலாறு முழுவதற்கும் ஒரு நங்கூரம் கிடைத்தது. அந்தியோகன் பெயர் வரும் அதே சாசனத்தில் சோழரும் பாண்டியரும் சேரரும் எல்லைக்கு அப்பாலுள்ள நாட்டினராகக் குறிக்கப்பட்டுள்ளனர். மூவேந்தரின் தொன்மைக்குக் கல்லிலமைந்த சான்று ஹுக்ளிக் கரையிலிருந்த ஓர் அலுவலரின் மேசையில் வெளிப்பட்டது என்பது, இந்நகரில் வாழும் தமிழராகிய நமக்குத் தனி உவகை தருவதாகும்.

பழைய காலங்களை வகுத்த அவர், புதிய காலம் ஒன்றைத் தொடங்கவும் துணை நின்றார். நாடெங்கும் ஒரே எடையும் ஒரே மாற்றும் உடைய ரூபாய் வேண்டும் என்று அவர் வலியுறுத்தி வந்தார். 1835ஆம் ஆண்டின் சட்டம் அதை நிறைவேற்றிற்று. எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா. பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு தூய வெள்ளி. இவ்வளவு 1818இலேயே சென்னை ராஜதானியில் வரகனுக்கு மாற்றாக ஏற்படுத்திய ரூபாயின் அளவேயாகும். சென்னையின் அளவே பாரதத்தின் அளவாயிற்று. ஷா ஆலமின் பெயர் மறைந்து நான்காம் வில்லியம் மன்னரின் தலையும், ஆங்கில ஆண்டும் காசில் ஏறின. பல நூற்றாண்டுகளாக ஊர்தோறும் பல்கிய நாணய வகைகளின் காலம் அவ்வாண்டோடு முடியத் தொடங்கிற்று. அவற்றுள் எண்ணற்றவை உலையில் வீழ்ந்து புது ரூபாயாயின. வணிகருக்கும் உழவருக்கும் அது நன்மையே. எனினும் அவ்வுலையின் தலைவரே மறுகையால் பழங்காசுகளைப் பொறுக்கி எடுத்து வரைந்துகொண்டிருந்தார் என்பதை எண்ணுந்தோறும் நம் நெஞ்சம் நெகிழ்கின்றது.

அவ்வாண்டிலேயே ஹாரியட் என்னும் மங்கையை அவர் மணந்தார். மகள் ஒருத்தி பிறந்தாள். இல்வாழ்வின் இன்பத்தை நீண்ட நாள் நுகர அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஓய்வறியா உழைப்பினால் 1838இல் கடும் தலைவலி அவரைப் பற்றிற்று, அறிவும் தளரலாயிற்று. அவ்வாண்டின் பிற்பகுதியில் கப்பலேறித் தாயகம் சென்றார். மருந்தும் ஓய்வும் பயன் தரவில்லை. ஆயிரம் ஆண்டுகளாக எவரும் படிக்க இயலாதவற்றைப் படித்த அம்மூளை ஒளி மங்கி அடங்கிற்று. 1840ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் லண்டனில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 40 நிரம்பி 41 நிரம்பவில்லை. காசு ஆராய்ச்சிக்கு அவருக்கு வாய்த்தவை ஆறேழு ஆண்டுகளே. அவையும் அலுவல் போக எஞ்சிய நேரங்களே.

கல்கத்தா மக்கள் பொருள் திரட்டி அவர் நினைவாக எழுப்பியதே நாம் முதலிற் கூறிய நதிக்கரை மண்டபம். அவர் சேர்த்த காசுகள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சென்றடைந்தன. அவருடைய கட்டுரைகளை எட்வர்டு தாமஸ் தொகுத்து 1858இல் வெளியிட்டார். அவரிடம் பயின்ற கன்னிங்ஹாம் பின்னர் தொல்பொருள் ஆராய்ச்சித் துறையின் முதல் தலைவரானார். பிரின்செப் வகுத்த காலங்களுட் சில திருத்தப்பட்டன. அவர் எழுத்துக்கூட்டிய பெயர்களுட் பல மாற்றிப் படிக்கப்பட்டன. ஆயினும் செய்முறை, எழுத்து, உருவம், தொடர்பு என்னும் நான்கையும் ஒன்றோடொன்று உரைத்துப் பார்த்தே காசின் காலத்தைத் துணிய வேண்டும் என்னும் நெறி இன்றளவும் மாறவில்லை. பெருவழுதி என்னும் பாண்டியன் பெயரைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் தாங்கிய செப்புக்காசு 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறியப்பட்டபோது, அதைப் படிக்க உதவியதும் அவர் திறந்து வைத்த வழியே.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றுண்டு. நம் வீடுகளில் பாட்டிமார் பெட்டியிலும், பூஜை அறைச் செம்பிலும் பழங்காசுகள் சில இன்றும் இருக்கக்கூடும். அவற்றைப் புளியிட்டுத் தேய்த்து மெருகேற்றுவதும், தட்டானிடம் கொடுத்து உருக்குவதும், எடைக்கு விற்பதும் நம்மிடையே உள்ள வழக்கம். தேய்த்தால் எழுத்து போகும். உருக்கினால் காலமே போகும். மண்ணில் புதையலாகக் கிடைத்தால் அரசு அதிகாரிக்கு அறிவித்தல் 1878ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கடமை. வீட்டில் இருப்பவற்றை உள்ளபடியே காகிதத்தில் பொதிந்து, எங்கிருந்து வந்தது, யார் வைத்திருந்தார் என்று இரண்டு வரி எழுதி வைத்து, அறிந்தோரிடம் காட்டுதல் நம் பொறுப்பு.

அடுத்த முறை பிரின்செப் படித்துறையில் அமரும்போது, நம் பிள்ளைகளுக்கு இப்பெரியாரின் கதையைச் சொல்வோமாக. கையிலுள்ள காசு ஒன்றைத் திருப்பி, அதன் ஆண்டை அவர்களையே படிக்கச் செய்வோமாக.